மாவட்ட ஊரில் விளையாட்டு மருத்துவராகப் பிழைக்க முடியுமா?

கேட்டவர் எம்.பி.பி.எஸ். முடிக்கப் போகிறவர், தேனிப் பக்கம் சொந்த ஊர், பள்ளி நாட்களில் கபடி ஆடியவர். “விளையாட்டு மருத்துவம் படித்து எங்கள் மாவட்டத்து வீரர்களுக்கே வேலை பார்க்க ஆசை. அதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா, இல்லை ஆர்த்தோ எடுத்துவிட்டு இதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வழியா?” என்பது கேள்வி. எந்தப் பட்டம் நல்லது என்று கேட்பதுபோல இருந்தாலும், அதற்குள் இருப்பது வேறு: ஆபரேஷன் செய்யாத ஒரு விளையாட்டு டாக்டருக்கு மாவட்டத் தலைநகரில் நாள் முழுக்க வேலை இருக்குமா? இருக்கும். ஆனால் டிவியில் டிராக்சூட் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுகிறவரின் வேலையாக அது இருக்காது. வருமானத்தில் பெரும்பகுதி வீரர்களிடமிருந்து வரவும் வராது. இந்த இரண்டையும் ஏற்க முடிந்தால் மேலே படியுங்கள்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட் பி.ஜி. எழுதி நேராக எம்.டி. விளையாட்டு மருத்துவம் சேரலாம், மூன்று ஆண்டு. நாடு முழுக்கச் சேர்த்தும் இடங்கள் மிகக் குறைவு. எந்தக் கல்லூரியில் எத்தனை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்தந்த ஆண்டின் கவுன்சிலிங் பட்டியலை மட்டும் நம்புங்கள். எம்.எஸ். ஆர்த்தோ முடித்து அதன்மேல் இரண்டு ஆண்டு எஃப்.என்.பி. என்ற ஃபெல்லோஷிப்பை விளையாட்டு மருத்துவத்தில் செய்வது இன்னொரு வழி. ஆர்த்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டு மூட்டு ஆபரேஷன், செய்ய ஆசை இருந்தால் இதுதான் சரி. பலர் கவனிக்காமல் விடுவது மூன்றாவது வழி: எம்.டி. பிசிக்கல் மெடிசின், அதாவது உடலியக்க மறுவாழ்வு மருத்துவம். சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலோ வேலூர் சி.எம்.சி.யிலோ அந்தத் துறையை ஒருமுறை போய்ப் பாருங்கள். தசை, நரம்பு, நடை ஆகியவற்றைப் படிக்கும் கண் அங்கே பழகும், மாவட்ட ஊரில் அது நேரடியாகச் சோறு போடும். பட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனம் இரண்டு ஆண்டு டிப்ளமா ஒன்றை நடத்தியிருக்கிறது, இப்போது சேர்க்கை உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஃபிஃபாவின் கால்பந்து மருத்துவ டிப்ளமாவை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம், பாடங்கள் தரமானவை. ஆனால் அதை போர்டில் பட்டமாக எழுதிப் போடக்கூடாது. மாநில மெடிக்கல் கவுன்சிலில் பதிவான தகுதியை மட்டும்தான் போடலாம்.

இனி கிளினிக்குக்கு யார் வருவார்கள் என்று பார்ப்போம். முதல் வரிசை கபடி அணி அல்ல, போலீஸ் செலக்‌ஷனுக்கும் அக்னிவீருக்கும் ஓடுகிற பிள்ளைகள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். அறிவிப்பு வந்த பிறகு ஓட ஆரம்பிக்கிறார்கள், தார் ரோட்டில், தேய்ந்த கேன்வாஸ் ஷூவில், முதல் வாரத்திலிருந்தே தினமும் முழுத் தூரம். மூன்று நான்கு வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி. இங்கே நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான். காலின் உட்பக்கம், கீழ் மூன்றில் இரண்டு பங்கில், ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக வலித்தால், ஓட ஓடச் சற்றுக் குறைந்தால், பெரும்பாலும் அது எலும்பின் மேலுறை எரிச்சல். தூரத்தைக் குறைத்து, கெண்டைக்கால் தசையைப் பலப்படுத்தினால் அடங்கும். ஒரே விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் வலி, இரவிலும் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் சுருக்கென்று வலி என்றால் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், அதை நம்பி ஓடச் சொல்லிவிடாதீர்கள். உட்பக்கத்து முறிவு ஆறிலிருந்து எட்டு வார ஓய்வில் சேரும். முன்பக்கத்து எலும்பு விளிம்பில் வந்தால் கதை வேறு. அது மாதக்கணக்கில் இழுக்கும், முழுதாக உடையவும் செய்யும், அதை ஆர்த்தோவுக்கு அனுப்புங்கள்.

இந்தப் பிள்ளைகளாவது 200, 300 ரூபாய் ஃபீஸ் கொடுப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் வரும் முழங்கால் தேய்மானக்காரர்கள், தோள் இறுகிப்போன சர்க்கரைக்காரர்கள், முதுகுவலி லாரி டிரைவர்கள், ஜிம்மில் தோளை இழுத்துக்கொண்டவர்கள்தான் வாடகையும் சம்பளமும் கட்டுவார்கள். விளையாட்டு மருத்துவர் கற்ற அதே தசைப் பயிற்சிதான் இவர்களுக்கும் மருந்து. ஆகவே வருமானம் பற்றிய கேள்விக்கு என் பதில்: நோயாளியில் நாலில் ஒருவர் வீரராக இருந்தால் அதுவே நல்ல நிலை. கிளப்புகளிடமும் ஊர்க் கமிட்டிகளிடமும் மாதச் சம்பளம் எதிர்பார்த்துத் தொடங்கினால் ஒரு வருடத்தில் கசந்துபோகும்.

கபடிக்கு வருவோம், உங்களுக்குப் பழகிய இடம். பாடிப் போகிறவனின் கணுக்காலை ஒருவர் பிடிக்கிறார், அவன் உடம்பைத் திருப்பி நடுக்கோட்டை எட்டப் பார்க்கிறான். பாதம் தரையில் பூட்டியிருக்க, முழங்கால் உள்பக்கம் மடங்கித் திரும்புகிறது. “டப்”பென்று சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்தாக வீக்கம். ‘ஜவ்வு போச்சு’ என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இந்த முன் சிலுவைத் தசைநார், அதாவது ஏ.சி.எல். மைதானத்திலேயே நீங்கள் இருந்தால் வீங்குவதற்குள், முழங்காலை 20லிருந்து 30 டிகிரி மடக்கி லாக்மன் சோதனை செய்யுங்கள். தொடையை ஒரு கை பிடிக்க, மறு கை கெண்டைக்கால் எலும்பை முன்னால் இழுக்கும். முடிவில் ‘டக்’கென்று நிற்காமல் மெத்தென்று போய்க்கொண்டே இருந்தால் கிழிந்திருக்கிறது. மறுகாலையும் செய்து ஒப்பிட வேண்டும். ஒரு மணி நேரம் கழிந்தால் வலியிலும் வீக்கத்திலும் தொடைத்தசை இறுகிவிடும், அதே சோதனை பொய் சொல்லும். பத்து நாள் கழித்து மறுபடி செய்வதுதான் அப்போது வழி.

ஆட்டம் நடந்த இரவிலேயே செய்யக்கூடாதவையும் உண்டு. தொடையில் முட்டி இடித்து ரத்தம் கட்டியவனை எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். அழுத்தி உருவினால் தசைக்குள் எலும்பு வளரும், மூன்று நான்கு வாரத்தில் எக்ஸ்ரேயில் தெரியும், பிறகு முழங்கால் மடங்காது. செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: முழங்காலை முடிந்த மட்டும் மடக்கி, கிரேப் பேண்டேஜால் அப்படியே கட்டி, முதல் நாள் முழுக்க ஐஸ். அடுத்தது கட்டு. எலும்பு முறிவுக்கு மூங்கில் வைத்துக் கட்டுகிறவரிடம் போகாதே என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். கட்டுக்குப் பிறகு விரல்களை நீங்கள் அசைத்துப் பார்க்கும்போது கெண்டையில் தாங்க முடியாத வலி எடுத்தால், கால் மரத்துப்போனால், உடனே கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். இறுகிய கட்டுக்குள் தசை சாக ஆறு மணி நேரம் போதும். கட்டுப் போடுகிறவரையே நேரில் பார்த்து இதைச் சொல்வது இன்னும் நல்லது, பகைத்துக்கொள்வதால் ஒன்றும் கிடைக்காது.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய கை வேலைகள். இந்தத் தொழிலின் நடுமையம் வேறு: “எப்போ ஆடலாம் சார்?” வீரர் உங்களிடம் வாங்க வருவது இந்த ஒரு பதிலைத்தான். ஏ.சி.எல். அறுவைக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்கு முன் களம் இறங்கியவர்களுக்கு மறுகாயம் தெளிவாக அதிகம். ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக 2016-ல் வந்த நார்வே ஆய்வு காட்டியது. நாள்காட்டி மட்டும் போதாது. தொடை முன்தசையின் பலம் மறுகாலில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக் கால் தாவல், மூன்று தாவல், குறுக்குத் தாவல், ஆறு மீட்டர் நேரத் தாவல் இந்த நான்கிலும் அதே 90. இதற்குப் பெரிய மிஷின் வேண்டாம், அளவு டேப்பும் ஸ்டாப் வாட்சும் சிமென்ட் தரையும் போதும். தசைப் பலத்துக்குக் கையில் பிடிக்கும் டைனமோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், நீங்கள் வாங்கும் கருவிகளில் அதிகம் உழைப்பது அதுதான்.

ஆனால் ஆறாம் மாதமே அவர் ஆடிவிடுவார். பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு வேண்டிய போட்டிச் சான்றிதழ் ஒன்று கைக்கு வர அந்த ஒரு சீசன்தான் மிச்சம், வயது தாண்டிக்கொண்டிருக்கிறது, வீட்டில் கடன். இதைக் கேட்காமல் “ஒன்பது மாதம்” என்று மட்டும் சொல்லும் டாக்டரிடம் அவர் திரும்பி வரமாட்டார். ‘இந்தப் போட்டி உனக்கு எதற்கு, இதை விட்டால் அடுத்தது எப்போது’ என்று முதலில் கேளுங்கள். சில நேரம் தேதியை நகர்த்த வழி இருக்கும். இல்லாதபோது, ஆடினால் முழங்காலுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பும் போகலாம் என்ற அபாயத்தைப் புரியும்படி சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதி, கையெழுத்து வாங்குங்கள். பதினெட்டு வயதுக்குள் என்றால் அப்பா அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கோச் மட்டும் வந்திருந்தால் போதாது. கோச் போனில் கேட்டால் வீரரின் சம்மதமில்லாமல் எதையும் சொல்லவும் கூடாது.

அறுவை அவசியமா என்பதிலேயே சந்தேகம் பாக்கி இருக்கிறது. 2010-ல் வந்த சுவீடன் ஆய்வில், 121 இளையோரில் ஒரு பகுதியினருக்கு உடனே அறுவை, மற்றவருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டு ஆண்டு முடிவில் இரு தரப்புக்கும் முழங்கால் நிலையில் வேறுபாடில்லை, ஐந்தாம் ஆண்டிலும் பயிற்சித் தரப்பில் பாதிப் பேர் கத்தியே படாமல் இருந்தார்கள். ஆனால் தொழில்முறை வீரர்களை அதில் சேர்க்கவில்லை. கணுக்காலைப் பிடித்துத் திருப்பும் ஆட்டத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. பாடிப் போகிறவருக்கு அறுவையும், கிழிந்த பிறகு ஆட்டத்தை விட்டுவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்குப் பயிற்சியும் என்றுதான் நான் சொல்வேன். இது என் கணிப்பு, நிரூபணம் அல்ல.

தலையில் அடிபட்டால் மட்டும் பேரம் கிடையாது. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று ஊரே நம்புகிறது. உண்மையில் பத்தில் ஒருவர்கூட மயங்குவதில்லை. எந்தப் பாதி நடக்கிறது, கடைசியாக யார் பாயின்ட் எடுத்தது, போன ஆட்டம் யாரோடு என்று கேளுங்கள். தடுமாறினால், கால் பின்னினால், ‘ஒரு மாதிரி இருக்கு’ என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மறுபடி களம் ஏற ஆறு படி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம், பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் மெதுவாக. வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டாலோ சி.டி. ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.

டோர்னமென்ட் டியூட்டிக்கு அழைப்பு வரும், பெரும்பாலும் சால்வையும் சாப்பாடும்தான் சம்பளம். போங்கள், நோயாளிகள் அங்கேதான் உங்களைப் பார்க்கிறார்கள். ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் ஒரு நிபந்தனை: டாக்டர் வெளியே எடுத்த வீரரை யாரும் உள்ளே அனுப்பக்கூடாது என்று கமிட்டியிடம் எழுதி வாங்குங்கள். இரவு ஒரு மணிக்கு அரையிறுதியில் அந்தக் காகிதம் இல்லாமல் உங்கள் பேச்சு எடுபடாது. மைதானத்துக்குப் போனதும் முதலில் பார்க்க வேண்டியது மருந்துப் பையை அல்ல, 108 வண்டி உள்ளே வரும் வழியை. கேட்டை அடைத்து நிற்கும் பைக்குகளை ஆட்டம் தொடங்கும் முன்பே நகர்த்தச் செய்யுங்கள், போன் செய்ய ஒருவரையும் கேட்டில் நிற்க ஒருவரையும் பெயர் சொல்லி நியமியுங்கள். பையில் கழுத்துக் காலர், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை, வளையும் கம்பிச் சிம்பு, தையல் செட், கழுவ சலைன், 3.8 சென்டிமீட்டர் டேப், குளுக்கோமீட்டர், டெட்டனஸ் ஊசி. செம்மண் தரையில் சிராய்ப்பு இல்லாத இரவு கிடையாது. யாரும் தொடாமலே ஒருவர் சுருண்டு விழுந்து கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியில்லை என்றால், கைகால் வெட்டினாலும் வலிப்பு என்று சாவியைக் கையில் திணிக்க விடாதீர்கள். இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பகல் போட்டியென்றால் வெயில். ஓடி விழுந்தவன் பிதற்றினால், ஆசனவாய் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்றால் அது வெப்ப வாதம். அக்குள் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும், ஏமாறாதீர்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் அங்கேயே குளிர வைக்க வேண்டும், ஏற்றுவது பிறகு. தார்ப்பாயில் படுக்க வைத்து, நாலு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்க, ஐஸ் கட்டியும் தண்ணீரும் கொட்டி அலையவிட்டு, அரை மணிக்குள் 39-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். மீன் கடைக்கு வரும் ஐஸ் பார் இரண்டை முன்கூட்டியே வாங்கிவைக்கச் சொல்வது கமிட்டிக்குப் பெரிய செலவில்லை. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில் கலக்காமல் ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுப்பதையும் பாருங்கள், வயிறு கலக்கிக்கொண்டு ஓடும்.

நம் ஊரில் ஊக்கமருந்துச் சிக்கல் பெரும்பாலும் சாதாரண கிளினிக்கில் தொடங்குகிறது. ‘சோர்வா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்துங்க’ என்று கேட்டு வாங்கும் குளுக்கோஸ்: ஆஸ்பத்திரி சிகிச்சை, அறுவை, பரிசோதனை போன்ற நியாயமான காரணமில்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவது தடைசெய்யப்பட்ட முறை. அதோடு சேர்த்துப் போடும் டெக்சா ஊசி: 2022 ஜனவரி முதல் எந்த வழியில் ஊசி போட்டாலும் ஸ்டீராய்டுக்குப் போட்டி நேரத்தில் தடை, மூட்டுக்குள் போடுவதும் சேர்த்து. பிட்டத்தில் போட்ட டெக்சாவுக்கு ஐந்து நாள் இடைவெளி வேண்டும். டிரையம்சினலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு மூட்டுக்குள் என்றால் பத்து நாள், தசையில் என்றால் அறுபது. டிரமடால் வலி மாத்திரைக்கு 2024 முதல் போட்டி நேரத் தடை. எடை குறைக்க விழுங்கும் நீர் மாத்திரைக்கு எல்லா நாளும் தடை. பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் மாறும், தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடா வெளியிடுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கும் சால்புடமால் அளவு மீறாவிட்டால் அதற்குத் தனி அனுமதி தேவையில்லை. மற்றவற்றுக்குப் போட்டிக்கு முப்பது நாள் முன்பே மருத்துவ விலக்கு கேட்க வேண்டும். டாக்டர் போட்ட ஊசிதான் என்று சொன்னாலும் பொறுப்பு வீரருடையது, தண்டனையும் அவருக்கே. பக்கத்துத் தெருப் பொது மருத்துவர்களுக்கு இந்த ஒரு பத்தியை ஒரு பக்கமாக அடித்துக் கொடுத்தால் உங்கள் மாவட்டத்து வீரர்களுக்குச் செய்யும் பெரிய உதவி அதுவாகத்தான் இருக்கும்.

பி.ஆர்.பி. ஊசி, அதாவது நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்த பிளேட்லெட்டைக் குத்துவது பற்றியும் நிச்சயம் கேட்பார்கள், அதில் காசு இருக்கிறது. 2021-ல் வந்த இரண்டு நல்ல ஆய்வுகளில், முழங்கால் தேய்மானத்திலும் குதிகால் நாணிலும் அது போலி ஊசியைவிட மேலாக இல்லை. டென்னிஸ் எல்போவில் விவாதம் தொடர்கிறது. ஒவ்வொரு சுளுக்குக்கும் அதைக் குத்துவதைவிட, எட்டு வாரப் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய வைக்கும் பிசியோ ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், வரும் பணத்தை நியாயமாகப் பிரியுங்கள். ஐஸ் விஷயமும் முன்போல இல்லை. அடிபட்டால் ஓய்வும் ஐஸும் என்ற சூத்திரத்தை 1978-ல் எழுதிய அமெரிக்க மருத்துவரே பின்னாளில் காயம் ஆறுவதை ஐஸ் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். வலி குறைக்க முதல் நாள் வைக்கலாம், அதற்கு மேல் அதில் மாயமில்லை.

வயது குறைத்துச் சான்றிதழ் கேட்டு வருவார்கள், அடிபடாதவனுக்கு அடிபட்டதாகவும் கேட்பார்கள். ஒரு முறை கொடுத்தால் பிறகு நீங்கள் ‘ஆடலாம்’ என்று எழுதிக் கொடுப்பதற்கும் மதிப்பிருக்காது.

இப்போதைக்கு: ஹவுஸ் சர்ஜன் காலத்தில் ஆர்த்தோ போஸ்டிங்கில் ஓ.பி.யை விடாதீர்கள், அவசரப் பிரிவில் கணுக்கால் சுளுக்கு வரும்போதெல்லாம் ஒட்டாவா விதியைக் கையால் செய்து பழகுங்கள். இரு கணு எலும்புகளின் பின் விளிம்பில் கீழ் ஆறு சென்டிமீட்டர், சுண்டுவிரல் பக்கத்து ஐந்தாம் எலும்பின் அடி, உள்பாதத்து நேவிகுலர் எலும்பு, இங்கெல்லாம் அழுத்தினால் வலியில்லை, நாலு அடி எடுத்து வைக்கவும் முடிகிறது என்றால் எக்ஸ்ரே வேண்டாம். மாலையில் மாவட்ட ஸ்டேடியத்துக்குப் போய் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையமான எஸ்.டி.ஏ.டி.யின் கோச்சுகளிடம் உட்கார்ந்து, எந்த மாதம் என்ன போட்டி, எந்தப் பிள்ளைக்கு எங்கே வலி என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இடம் கிடைத்து மேற்படிப்புக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.